நெவீனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு

நான் பொய் சொன்னது உண்மைதான். ஆனா கெட்ட எண்ணத்துல சொல்லலை. எங்க தெருவுல புள்ள பெத்த எந்தப் பொம்பளையை வேணும்னாலும் கேளுங்க, "உன் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் உம் ஹாஸெம்"னுதான் சொல்லுவா. புள்ளைங்க நல்லா இருந்தா, நல்லா இருக்குன்னு யாராவது வாயைத் திறந்து சொல்லுவாங்களா? அதுவும் நீலக் கண்ணுக்காரி ஒருத்தி பக்கத்துல நிக்கும்போது?

எனக்கு மூணு புள்ளைங்க. பெரியவன் ஹாஸெம். அவன் பேரைச் சொல்லித்தான் என்னை உம் ஹாஸெம், ஹாஸெமோட அம்மான்னு கூப்பிடுறாங்க. அவனுக்கு அடுத்தவ இனாஸ். கடைசிப் பொண்ணு நெவீன், பதினாறு முடிஞ்சுது. மூணு பேரும் சேர்ந்து பாடுவாங்க. 'ரஷீதி பிள்ளைங்க'ன்னு பேரு. அலெக்சாண்ட்ரியாவுல கல்யாணம்னா முதல்ல மண்டபத்தைப் பிடிப்பாங்க, அடுத்து எங்க புள்ளைங்களைப் பிடிப்பாங்க. ரெண்டு கேசட் வந்திருக்கு. டாக்சிக்காரங்க நாள் பூரா அதையே ஓடவிடுறாங்க. நான் ஏறினா மட்டும், "அதைக் கொஞ்சம் நிறுத்துப்பா, தலை வலிக்குது"ம்பேன். உள்ளுக்குள்ள நெஞ்சு தித்திக்கும். வெளியில தலைவலி.

பாட்டைப் பிரிச்சுக் குடுக்கிறது ஹாஸெம். கீழ்க்குரல் அவனுக்கு, நடுக்குரல் இனாஸுக்கு, உச்சி நெவீனுக்கு. ஒரே மைக்கைச் சுத்தி மூணு பேரும் நிப்பாங்க. நெவீன் மட்டும் ஒரு எட்டு பின்னால நிக்கணும். முன்னால வந்தா மத்த ரெண்டு குரலையும் முழுங்கிடுவா. சாயங்காலம் ஆனா எங்க கட்டடத்துப் படிக்கட்டுலதான் பழகுவாங்க. கல்லு பதிச்ச படிக்கட்டு, குரல் அப்படியே மேல ஏறி நிக்கும். நான் கதவைச் சாத்திக்கிட்டு வெங்காயம் நறுக்குவேன். வெங்காயம் இல்லாத அன்னைக்கும் கண்ணுல தண்ணி வரும்.

ஆனா நெவீனை ஒரு நாளும் பாராட்டினதில்ல. சின்ன வயசுலேர்ந்து அவளை 'பிச்சைக்காரி'ன்னுதான் கூப்பிடுவேன். அக்காவோட பழைய கவுனைத்தான் போட்டுவிடுவேன், முகத்தைக்கூட நல்லாத் துடைக்காம வெளிய அனுப்புவேன். பாடிட்டு வந்து, "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டா, "காக்கா கத்தின மாதிரி இருந்துச்சு, போய்ச் சாப்பிடு"ம்பேன். முதல்லெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. அப்புறம் கேக்கிறதையே விட்டுட்டா.

ஏன்னு கேப்பீங்க. ஒரு காலத்துல என் பேரு உம் ஹாஸெம் இல்ல. உம் இஹாப். இஹாப்தான் எனக்கு முதல் புள்ள. மூணு வயசு. என் தங்கச்சி கல்யாணத்துல கை தட்டிக்கிட்டே பாடினான் பாருங்க, கல்யாணப் பொண்ணை விட்டுட்டு எல்லாரும் அவனைச் சுத்தி நின்னாங்க. பச்சை கவுன் போட்ட ஒருத்தி, யாருன்னுகூட எனக்குத் தெரியாது, அவன் கன்னத்தைக் கிள்ளி, "அடேங்கப்பா, இந்தக் குரல் ரேடியோவுல வரும் பாரு"ன்னா. மாஷா அல்லாஹ் சொல்லலை. கண்ணு படாம இருக்க அதைச் சொல்லணும். நான் காத்துக்கிட்டே இருந்தேன், அவ சொல்லவே இல்லை. அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல். அஞ்சாவது நாள் புள்ள இல்லை.

டாக்டர் டைஃபாய்டுன்னார். சொல்லட்டும். அவர் கல்யாணத்துக்கு வரலையே.

இப்ப நான் பொய் சொன்ன வியாழக்கிழமைக்கு வர்றேன். வசந்தத் திருநாளுக்குக் கடற்கரைச் சாலை அரங்கத்துல பெரிய கச்சேரி, டிவியில நேரடியா வரும். அதுல பாட எங்க புள்ளைங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. நாற்பது பேர் வாத்தியம். ஆரம்பத்துல தாளமே இல்லாம தனியா நாலு வரி இழுத்துப் பாடணும், அது நெவீனுக்கு. நாடே பாக்கும். குவைத்துல வேலை பாக்கிற எங்க வீட்டுக்காரர்கூட, யாரையாவது ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். எனக்குச் சோறு இறங்கலை. ரேடியோவுல வரும்னு சொன்னதுக்கே ஒரு புள்ளையைக் குடுத்துட்டேன். இது டிவி.

எங்க வீட்ல போன் கிடையாது. கீழ் வீட்டு உம் ரகப் வீட்லதான் இருக்கு. உலகத்துல வேற எங்கயும் போன் இல்லாத மாதிரி, எங்க நல்லது கெட்டது எல்லாம் அவ வீட்டு வழியாத்தான் வரணும். உம் ரகப்புக்கு நீலக் கண்ணு. முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து வேற. கண்ணு பட இதுக்கு மேல என்ன வேணும்? ஆறு வருஷமா படிக்கட்டுல புள்ளைங்க பாடுது, ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவ வாயிலேர்ந்து நல்ல வார்த்தை வந்ததில்ல. பொறாமை இல்லாம என்ன?

"உம் ஹாஸெம்! டிவிக்காரங்க போன்!"னு கீழேர்ந்து கத்தினா. ஓடினேன். ரிசீவரை என் கையில குடுத்துட்டு நகர்ந்து போவான்னு பாத்தா, இடுப்புல கையை வச்சுக்கிட்டு எதிர்லயே நிக்கிறா. அந்தக் கண்ணு ரெண்டும் என் மூஞ்சி மேல.

அந்தப் பக்கம் பேசினது நிகழ்ச்சி டைரக்டர் உஸ்தாத் மம்தூஹ். "எல்லாரும் சௌக்கியமாம்மா? சின்னப் பொண்ணு தயாரா? ஆரம்பமே அவதான், மறந்துடாதீங்க"ன்னார். தேன் மாதிரி பேச்சு. நான் உம் ரகப்பைப் பாத்தேன். அவ கண்ணு சிமிட்டலை.

"தயாரா? அட போங்க உஸ்தாத்! அவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. தண்ணி கேக்கக்கூட குரல் வரலை. பாவம், எலி மாதிரி கீச்சுங்குறா. அவளுக்காக துவா பண்ணுங்க!"

நல்லா சத்தமாத்தான் சொன்னேன். உம் ரகப்புக்குக் கேக்கணுமே. எந்த அம்மாவும் இப்படித்தான் பேசுவா, கேக்கிறவங்களும் "ஆமா ஆமா, பாவம்"னு சிரிச்சுக்குவாங்க. அந்த மனுஷன் பத்து வருஷம் இத்தாலியில படிச்சுட்டு வந்தவர்ங்கிறது எனக்கென்ன தெரியும்? "அடடா, சீக்கிரம் குணமாகட்டும்"னு சொல்லிட்டு வச்சுட்டார். நானும் ஒரு கண்டம் கழிஞ்சுதுன்னு நிம்மதியா மேல ஏறி வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துல சாம்பிராணி போட்டேன். காகிதத்துல பொம்மை கத்தரிச்சு, ஊசியை எடுத்து, கண்ணு வச்சவங்க பேரையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லிக் குத்திக் கொளுத்தினேன். முதல் குத்து உம் ரகப் பேருக்கு. ரெண்டாவதும் அவ பேருக்குத்தான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒத்திகை. மறுநாள் கச்சேரி. உம் ரகப் திருநாளுக்குச் சாயம் போட்ட முட்டையும் பச்சை வெங்காயமும் ஒரு கூடையில எடுத்துக்கிட்டு, "நானும் வர்றேன், டிவிக்காரங்களைப் பாத்ததே இல்ல"ன்னு கிளம்பிட்டா. வேணாம்னு எப்படிச் சொல்றது? போன் அவளோடது. டிராம்ல நெவீனுக்கும் அவளுக்கும் நடுவுல நான் உக்காந்துக்கிட்டேன்.

அரங்கத்துக்குள்ள போனா, மேடையில மூணு மைக்கு. அதுல ஒரு மைக்கு முன்னாடி யாரோ ஒரு பொண்ணு நிக்கிறா. மெலிஞ்ச பொண்ணு, நெவீன் வயசுதான் இருக்கும். வாத்தியக்காரங்க நிறுத்தியிருக்காங்க, அந்தப் பொண்ணு தனியா இழுத்துப் பாடுது. நெவீனோட நாலு வரி.

நெவீன் என் கையை விட்டுட்டா.

ஹாஸெம் தாவி மேடையில ஏறினான். "உஸ்தாத், இது எங்க தங்கச்சி பாடுற இடமாச்சே!"

மம்தூஹ் மெதுவா, கோபமே இல்லாம சொன்னார். "தெரியும் ஹாஸெம். உங்க தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை. நாளைக்கு நேரடி ஒளிபரப்பு, நான் துணிஞ்சு எதுவும் செய்ய முடியாது. ஸுஹா ரெண்டு நாளா ராப்பகலா உக்காந்து கத்துக்கிட்டா."

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு யாரு உஸ்தாத் சொன்னது?"ன்னு நெவீன் கேட்டா.

"உங்கம்மாதான். வியாழக்கிழமை போன்ல. தண்ணி கேக்கக்கூட குரல் வரலைன்னாங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. வயலின்காரன், மேளக்காரன், கேமராக்காரன், எல்லாரும். "அது சும்மா... பேச்சுக்கு..."ன்னு என்னமோ உளறினேன். பின்னால உம் ரகப் "யா ரப்பி"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டது கேட்டுச்சு.

"அப்ப பாடச் சொல்லுங்க, கேப்போம்"னு மம்தூஹ் சொன்னார். நியாயமான மனுஷன்தான். ஸுஹா நகர்ந்து வழி விட்டா. நெவீன் மைக்கு முன்னாடி போய் நின்னா. என்னைப் பாத்தா. முதல் வரி வந்துச்சு. ரெண்டாவது வரியில ஏறும்போது குரல் உடைஞ்சுது. திரும்ப எடுத்தா, திரும்ப உடைஞ்சுது. அழுகையை அடக்கிக்கிட்டுப் பாடினா எப்படி வரும்? ஆனா கேட்டவங்களுக்கு அது கட்டின தொண்டை மாதிரியேதான் இருந்துச்சு.

மம்தூஹ் தலையை ஆட்டினார். "பத்து நிமிஷம் இடைவேளை. அப்புறம் ஸுஹாவோட முழுப் பாட்டையும் ஒரு தடவை எடுத்துடலாம்."

"அவ இல்லாம நாங்க பாட மாட்டோம்"னான் ஹாஸெம்.

"உங்க இஷ்டம். ஆனா இந்த வாசல் ரெண்டாவது தடவை திறக்காது, சொல்லிட்டேன்."

இனாஸ் அழுதுக்கிட்டே அண்ணன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. நான் மேடைக்குப் பின்னால ஓடினேன். உடை மாத்துற அறையில நெவீன் சுவரைப் பாத்து உக்காந்திருந்தா.

"நெவீன், கண்ணு பட்டுடும்னுதான்டி அப்படிச் சொன்னேன். அந்த உம் ரகப் எதிர்லயே நின்னா..."

"பதினாறு வருஷமாவா எதிர்ல நின்னா?"

அவ பக்கத்துல உக்காரப் போனேன், தள்ளி உக்காந்தா.

"முதல் கேசட் வந்த அன்னைக்கு ஓடி வந்து உன் கையில குடுத்தேன். என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? 'அட்டை நல்லா இருக்கு'ன்ன. அவ்வளவுதான். எனக்குக் குரல் இல்லைன்னுதான் நெனச்சேம்மா. அண்ணனும் அக்காவும் தாங்கிப் பிடிக்கிறாங்க, அதான் பின்னால நிக்க வைக்கிறாங்கன்னு நெனச்சேன். நீ டிவிக்காரங்களுக்கும் அதைச் சொல்லிட்ட. சரியாத்தான் சொல்லியிருக்க."

என் புள்ள இத்தனை வருஷம் இதையா நெனச்சுக்கிட்டு இருந்துச்சு? கிட்டப் போய்க் குனிஞ்சு, "நீ நல்லா பாடுறடி. ரொம்ப நல்லா பாடுற"ன்னேன்.

"ஏன் குசுகுசுக்கிற?"

என் கண்ணு தானா கதவுப் பக்கம் போச்சு. அங்க உம் ரகப்போட கூடை தெரிஞ்சுது. நெவீனும் பாத்துட்டா.

"பாத்தியா? உனக்கு என்னைவிட அவதான் பெருசு. போன்ல என் குரலைப் பழிக்கும்போது சத்தமாச் சொன்னல்ல? இதையும் அதே சத்தத்துல, எல்லார் முன்னாடியும் சொல்லு. முடியலைன்னா விட்டுடு. அந்தப் பொண்ணே பாடட்டும். நான் இனிமே பாடவே மாட்டேன், உனக்கும் நிம்மதி."

கோபத்துல சொல்லலை அவ. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

அறைக்கும் மேடைக்கும் நடுவுல இருபது அடி இருக்குமா? அந்த இருபது அடி எனக்கு ஹஜ்ஜுக்கு நடந்த மாதிரி இருந்துச்சு. சொல்லலைன்னா அவ பாட்டு போச்சு. சொல்லிட்டு, அவளே போயிட்டா? நாற்பது ஜோடிக் கண்ணு இருக்கு அங்க. இஹாப் பாடின அன்னைக்கு இருந்ததைவிட அதிகம். "ரப்பே, என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு"ன்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். உடுப்பு முள்ளுல மாட்டின மாதிரி காலு பின்னாலயே இழுத்துச்சு.

மைக்கு முன்னாடி போய் நின்னேன். ஸுஹாவோட அம்மா போல, மூணாவது வரிசையில ஒருத்தி முறைச்சா. நான் வாயைத் திறந்தேன். என் குரல் நாலு மூலையிலேர்ந்தும் திரும்பி வந்து என்னையே தூக்கிப் போட்டுச்சு.

"நான் பொய் சொன்னேன். எம் பொண்ணு நெவீன் தொண்டைக்கு ஒண்ணுமில்லை."

மம்தூஹ் கையில இருந்த காகிதத்தைக் கீழ வச்சார்.

"காய்கறிக்காரன் வண்டியை நிறுத்திட்டு எங்க படிக்கட்டுக்குக் கீழ நின்னு இவ பாட்டைக் கேக்குறான். இவ பாடும்போது நான் கதவுக்குப் பின்னால நின்னு தலைத்துணியை வாயில திணிச்சுக்குவேன், குலவை போட்டுடுவேனோன்னு பயந்து. பின்னால நிக்க வச்சது குரல் இல்லாததால இல்லை. முன்னால வந்தா அவ அண்ணன் குரலும் அக்கா குரலும் கேக்காது, அதனால. எம் பொண்ணு மாதிரி பாடுறவ இந்த ஊர்லயே இல்லை. எந்த ஊர்லயும் இல்லை!"

சொல்லி முடிச்சதும்தான் உறைச்சுது. மாஷா அல்லாஹ் சொல்லலை. மறந்துட்டேன். நானே மறந்துட்டேன்! சொல்லலாம்னு பாக்குறேன், நாக்கு ஒட்டிக்கிச்சு, சத்தமே வரலை. நாற்பது பேரும் என்னையே பாக்குறாங்க. பச்சை கவுன்காரி சிரிக்கிறது எனக்குக் கேக்குது.

அப்ப பின்னாலேர்ந்து ஒரு கத்தல்.

"மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்! என்னய்யா வேடிக்கை பாக்குறீங்க, மூஞ்சியில வாய் இல்லையா? எல்லாரும் சொல்லுங்க!"

உம் ரகப். கண்ணு கழிக்கிறதுக்கு அஞ்சு விரலையும் விரிச்சு வாத்தியக்காரங்க மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு வர்றா, இன்னொரு கையில முட்டைக் கூடை. வயலின்காரன் பயந்துபோய், "மாஷா அல்லாஹ்"னான். அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. இத்தாலி உஸ்தாத்கூடச் சொன்னார்.

உம் ரகப் என் தோளைப் பிடிச்சு உலுக்கினா. "ஏண்டி லூசு! ஆறு வருஷமா சாயங்காலம் ஆனா டீயை எடுத்துக்கிட்டு வாசப்படியில உக்காந்து உம் பொண்ணு பாட்டைத்தானே கேக்குறேன்? ஒரு நாள் வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேனா? உன் இஹாப் கதை எனக்குத் தெரியாதா? நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ராத்திரி பூரா தூங்க மாட்டேன்னுதான்டி வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன்!"

அந்த நீலக் கண்ணுல தண்ணி நின்னுச்சு. நான் வெள்ளிக்கிழமை குத்தின ரெண்டு ஊசியும் இப்ப என் நெஞ்சுலதான் இருந்துச்சு. அவ கையைப் பிடிச்சு முத்தம் குடுத்தேன். "சீ, விடு, எல்லாரும் பாக்குறாங்க"ன்னா.

நெவீன் எப்ப மேடைக்கு வந்தான்னு எனக்குத் தெரியலை. திரும்பிப் பாக்கும்போது பக்கத்துல நின்னா. மூக்கை உறிஞ்சிக்கிட்டு, சட்டைக் கையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, வழக்கம்போல ஒரு எட்டு பின்னால போனா. ஹாஸெம் அவ முதுகுல கையை வச்சு, ஒரு எட்டு முன்னால தள்ளிவிட்டான்.

நாலு வரியும் பாடினா. எப்படிப் பாடினான்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும். மம்தூஹ், "அம்மா, இனிமே போன்ல இந்த மாதிரி விளையாடாதீங்க. நாளைக்கு நாலு மணிக்கு வந்துடுங்க"ன்னார்.

ஸுஹா தன் பாட்டுக் காகிதத்தை எடுத்துக்கிட்டு மேடையை விட்டு இறங்கினா. அந்தப் பொண்ணு செஞ்ச தப்பு என்ன? ரெண்டு நாள் தூங்காம கத்துக்கிட்டு வந்திருக்கு. அவ அம்மா அவ தோளைச் சுத்திக் கையைப் போட்டுக்கிட்டு எங்களைத் தாண்டிப் போகும்போது, யாரும் கேக்காமலே, "இவளுக்குக் காலையிலேர்ந்தே தொண்டை சரியில்லை"ன்னா. அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும். என் குரல்தான் அது. நான் பின்னாலயே போய், "மாஷா அல்லாஹ், உங்க பொண்ணு நல்லா பாடினா"ன்னேன். அவ திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டா. நானா இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

திரும்பி வரும்போது டிராம்ல திருநாள் கூட்டம், மூச்சு விட இடமில்லை. எல்லார் கையிலயும் உப்புல ஊறின மீன் பொட்டலம், நாத்தம் குடலைப் புரட்டுது. இந்தத் தடவை உம் ரகப் பக்கத்துல நெவீன் உக்காந்திருந்தா. நாளைக்கு நாடு பூரா பாக்கும். கை ரெண்டையும் மடியில மறைச்சு அஞ்சஞ்சு விரலையும் விரிச்சு வச்சிருந்தேன்.

நெவீன் என் காதுகிட்ட வந்து, "அம்மா, இன்னொரு தடவை சொல்லேன்"னா.

சுத்திப் பாத்தேன். முன்னால ஒருத்தி, பக்கவாட்டுல ரெண்டு பேரு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன். எல்லாரும் எங்களையேதான் பாக்குற மாதிரி இருந்துச்சு.

"காக்காக் குரல்"னேன், டிராம் பூரா கேக்கிற மாதிரி. "வாயை மூடிக்கிட்டு உக்காரு, பிச்சைக்காரி."

"ஆமா, எனக்கும் காது வலிக்குது"ன்னு உம் ரகப் ஒத்து ஊதினா.

நெவீன் என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. பதினாறு வருஷமா அதே வார்த்தையைக் கேட்டவ, அன்னைக்குத்தான் முதல் தடவையா சிரிச்சா.